கை தூக்காத மெக்சிகோ

ஒரு நாட்டைச் சங்கத்தை விட்டுத் துரத்த எத்தனை ஓட்டு வேண்டும்?

பதினாலு. அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அமெரிக்க நாடுகளின் அமைப்பு என்று பெயர். சுருக்கமாக ஓ.ஏ.எஸ். 1962 ஜனவரியில் அதில் 21 உறுப்பினர்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் கணக்குச் சரியாக 14. துரத்தப்பட வேண்டிய நாடு, கியூபா. துரத்த விரும்பிய நாடு எது என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரல் மாதம், கியூபாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்து, பன்றி வளைகுடாவில் இறக்கிப் பார்த்தது அமெரிக்கா. மூன்றே நாளில் கதை முடிந்துவிட்டது. மானம் போனதுதான் மிச்சம். டிசம்பர் 2ம் தேதி ஃபிடல் காஸ்ட்ரோ, தான் ஒரு மார்க்சிய லெனினியவாதி, சாகும்வரை அப்படித்தான் இருக்கப்போவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். அடுத்த இரண்டாவது நாள் ஓ.ஏ.எஸ். கவுன்சில் கூடியது. வெளியுறவு அமைச்சர்களைக் கூட்டி ஒரு முடிவெடுக்கலாம் என்பது கொலம்பியாவின் யோசனை. ஆதரித்து 14 ஓட்டு. ஐந்து பேர் நடுநிலை. எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஒன்று கியூபா. அது நியாயம். இன்னொன்று?

மெக்சிகோ.

இத்தனைக்கும் மெக்சிகோ கம்யூனிச நாடு இல்லை. அங்கே ஆண்டுகொண்டிருந்த கட்சி, பெயரில் புரட்சியை வைத்துக்கொண்டு, காரியத்தில் முதலாளிகளோடு சௌகரியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அமெரிக்காவோடு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லை. வியாபாரம், சுற்றுலா, கடன் எதற்கும் அண்டை வீட்டுக்காரனை நம்பித்தான் ஆகவேண்டும். அப்புறம் எதற்கு இந்த வீராப்பு?

பழைய காயம். அதுதான் முதல் காரணம். 1846ல் தொடங்கிய யுத்தம் 1848ல் முடிந்தபோது, மெக்சிகோ தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்காவிடம் இழந்திருந்தது. இன்றைய கலிஃபோர்னியாவெல்லாம் அப்படிப் போனதுதான். 1914ல் வெராக்ருஸ் துறைமுகத்தில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. 1916ல் பாஞ்சோ வியாவைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று இன்னொரு படை வடக்கே நுழைந்தது. இத்தனை அடி வாங்கிய நாடு, அடுத்த வீட்டு விவகாரத்தில் யாரும் மூக்கை நுழைக்கக்கூடாது என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்? 1930ல் வெளியுறவு அமைச்சர் ஹெனாரோ எஸ்ட்ராடா அதை ஒரு கொள்கையாகவே அறிவித்தார். ஒரு தேசத்தில் எந்த ஆட்சி நல்லது, எது கெட்டது என்று மெக்சிகோ மார்க் போடாது. தூதரை வைத்துக்கொள்ளும் அல்லது திரும்ப அழைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், உள்ளூர். காஸ்ட்ரோவும் அவருடைய தோழர்களும் மொத்தம் 82 பேர், கிரான்மா என்கிற ஓட்டைப் படகில் கியூபாவுக்குக் கிளம்பியதே மெக்சிகோவின் டுக்ஸ்பான் துறைமுகத்திலிருந்துதான். 1956 நவம்பரில். மெக்சிகோ இளைஞர்களுக்கு கியூபா என்றாலே ஒரு கிறக்கம். 1938ல் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கிய முன்னாள் ஜனாதிபதி லாசரோ கார்டெனஸ் வெளிப்படையாகவே காஸ்ட்ரோவின் பக்கம். மெக்சிகோவில் அவருக்கிருந்த மரியாதை அப்படி, இப்படி இல்லை.

எதிர்ப்பக்கம் முதலாளிகள். 1960 நவம்பரில் தொழில், வர்த்தகச் சங்கங்கள் சேர்ந்து பத்திரிகைகளில் பெரிதாக விளம்பரமே கொடுத்தன. எந்தப் பாதையில் போகிறோம், ஜனாதிபதி அவர்களே என்று தலைப்பு. நம் பணம் இங்கே பத்திரமா என்று கேட்பதைத்தான் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் ஜனாதிபதி அடால்ஃபோ லோபஸ் மடேயோஸ். கியூபாவைக் கைவிட்டால் இடதுசாரிகள் வீதிக்கு வருவார்கள். கைகோத்துக்கொண்டால் முதலாளிகளின் பணம் எல்லை தாண்டிப் போகும், வாஷிங்டனும் முறைக்கும்.

மாநாடு, உருகுவே நாட்டின் கடற்கரை ஊரான புண்டா டெல் எஸ்டேயில். ஜனவரி 22ம் தேதி ஆரம்பம். மெக்சிகோ தரப்பில் வெளியுறவு அமைச்சர் மேனுவல் டெயோ போனார். அவர் கொண்டுபோன நிலைப்பாட்டில் மூன்று பகுதி. ஒன்று, பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் காட்டி அவசரக் கூட்டம் போடும் அளவுக்கு இப்போது எந்த ஆபத்தும் வந்துவிடவில்லை. இரண்டு, ஓ.ஏ.எஸ். சாசனத்தில் ஓர் உறுப்பினரை வெளியேற்ற வழியே கிடையாது. இல்லாத விதியை வைத்து எப்படி வெளியேற்றுவீர்கள்?

மூன்றாவதுதான் சூட்சுமம். மார்க்சிய லெனினிய ஆட்சியும் ஓ.ஏ.எஸ். உறுப்பினர் அந்தஸ்தும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்றும் டெயோவே சொன்னார்!

அதாவது, கியூபா செய்தது தப்பு. ஆனால் அதற்காக அதைத் துரத்தவும் முடியாது.

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க்குக்கு வேறு கவலை. பதினாலாவது ஓட்டு. ஹெய்ட்டி கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. நிறுத்திவைத்திருந்த உதவியைத் தருகிறோம், விமான நிலையம் கட்டப் பணம் தருகிறோம் என்றதும் ஹெய்ட்டி இந்தப் பக்கம் சாய்ந்தது. ரஸ்க்கின் செலவுக் கணக்கு என்று அப்போது ஒரு ஜோக் உலவியது. காலைச் சிற்றுண்டிக்குச் சில டாலர். ஹெய்ட்டி அமைச்சரோடு மதியச் சாப்பாடு, சில மில்லியன் டாலர்!

கம்யூனிசம் பொருந்தாது என்கிற தீர்மானத்துக்கு மெக்சிகோ உள்பட இருபது பேரும் கைதூக்கினார்கள். கியூபா மட்டும் எதிர்த்தது. வெளியேற்றுகிற தீர்மானத்துக்கு 14 ஓட்டு. எதிர்ப்பு ஒன்று. மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா, சிலி, பொலிவியா, ஈக்வடார் ஆறு பேரும் கையைத் தூக்கவே இல்லை. லத்தீன் அமெரிக்க மக்களில் பாதிக்கு மேல் அந்த ஆறு தேசங்களில்தான் இருந்தார்கள். என்ன பிரயோஜனம்? சங்கத்தில் தலையை எண்ணுவதில்லை, நாற்காலியைத்தான் எண்ணுவார்கள். கியூபா வெளியே.

அமெரிக்கா கோபித்துக்கொண்டதா? அதுதான் இல்லை. அதே வருஷம் ஜூன் கடைசியில் கென்னடி மெக்சிகோ சிட்டிக்கு வந்தார். லட்சக்கணக்கான மக்கள் திரண்ட வரவேற்பு. 1964 ஜூலையில் ஓ.ஏ.எஸ். இன்னும் ஒருபடி மேலே போய், எல்லாரும் கியூபாவோடு தூதரக உறவை முறிக்கவேண்டும் என்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட சிலி, பொலிவியா, உருகுவே மூன்றும் அடுத்த சில வாரங்களில் அடங்கிப்போயின. லத்தீன் அமெரிக்காவில் மெக்சிகோ மட்டும் மாட்டேன் என்று நின்றது.

எப்படி முடிந்தது? விடை பல வருஷம் கழித்து, அமெரிக்க ரகசிய ஆவணங்கள் வெளியானபோது கிடைத்தது. ஹவானாவில் ஒரு லத்தீன் அமெரிக்கத் தூதரகமாவது இருப்பது நடைமுறைக்கு நல்லது என்று, அந்த 1964 மாநாட்டு சமயத்திலேயே அமைச்சர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். ஜனாதிபதி ஜான்சனிடம் இதைச் சொன்னவர், சாட்சாத் ரஸ்க்.

நான் பி.காம். படித்தவன். எந்த வரவைப் பார்த்தாலும் எதிரே பற்று எங்கே என்று தேடுகிற புத்தி. இங்கேயும் அது இருந்தது. ஹவானாவுக்கு விமானம் பறந்தது வாஸ்தவம்தான். ஆனால் மெக்சிகோ சிட்டி விமான நிலையத்தில் அதில் ஏறியவர்களைப் போட்டோ எடுத்தார்கள். விவரம் சி.ஐ.ஏ.வுக்குப் போனது. கியூபத் தூதரகத்தின் டெலிபோன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன, மெக்சிகோ அரசின் ஒத்துழைப்போடு. சி.ஐ.ஏ.வின் மெக்சிகோ தலைவர் வின்ஸ்டன் ஸ்காட்டின் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர் யார் தெரியுமா? ஜனாதிபதி லோபஸ் மடேயோஸ்.

காஸ்ட்ரோவுக்கும் லாபம். வெளியுலகுக்கு ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பதிலுக்கு, மற்ற நாடுகளில் கொரில்லாக்களை வளர்த்த கியூபா, மெக்சிகோ பக்கம் பெரும்பாலும் தலைவைத்துப் படுக்கவில்லை.

எல்லாருக்கும் லாபமென்றால் நஷ்டம் யாருக்கு? 1962 மே 23ம் தேதி. புண்டா டெல் எஸ்டே முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நிலத்துக்காகப் போராடிய விவசாயத் தலைவர் ரூபென் ஹராமியோவை, மொரேலோஸ் மாநிலத்தில் அவர் வீட்டிலிருந்து ராணுவமும் போலீசும் இழுத்துப்போய்ச் சுட்டுக்கொன்றன. கர்ப்பிணி மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சேர்த்து. கியூபாவின் உரிமைக்காக மாநாட்டில் வாதாடிய அதே அரசாங்கம்தான். ஹவானாவோ வாஷிங்டனோ அதற்காக மெக்சிகோவோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டில் மூக்கை நுழைக்கக்கூடாது என்கிற கொள்கையின் மறுபக்கம் இது.

2009 ஜூன் மாதம், ஹொண்டுராசில் கூடிய ஓ.ஏ.எஸ். அந்தப் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. திரும்பி வரலாம் என்றார்கள். கியூபா வரவில்லை. நாற்பத்தேழு வருஷம் கழித்து மெக்சிகோவின் வாதம் ஜெயித்துவிட்டது என்று சொல்லலாம்.

ஹராமியோ குடும்பத்தின் கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது?