மண்ணூர் மண்ணடியில்



ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் மண்ணூர் என்றோர் ஊர் உண்டு. இன்று அவ்வட்டாரமெங்கும் மோட்டார் வாகனங்களும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றின் கடைக்கால்களுக்கும் கீழே கிடப்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிலும் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறைப் படிவுகள் உள்ளன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இவற்றை ஆராய்ந்து 1873-இல் எழுதி வெளியிட்டார். இப்படிவுகளில் பறவைச் சிறகை ஒத்த இலைகளின் சுவடுகள் உண்டு. சுருள் ஓடுடைய அம்மோனைட் முதலிய கடலுயிர்களின் சுவடுகளும் உண்டு. இலை நிலத்துக்கு உரியது. ஓடு கடலுக்கு உரியது. இரண்டும் ஒருங்கே கிடப்பதால், கரையை அடுத்த கடல் ஒரு காலத்தில் இங்கே இருந்தது என அறிகிறோம்.

இதே வகை இலைகள் வடகிழக்கே, ஜார்க்கண்டிலுள்ள ராஜ்மகால் குன்றுகளிலும் கிடைக்கின்றன. அங்கே எரிமலைக் குழம்பு பன்முறை பெருகி, அடுக்கடுக்காக உறைந்தது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏரிகளிலும் ஓடைகளிலும் தங்கிய வண்டல் அவ்விலைகளைக் காத்து வைத்தது. இவை ஜூராசிக் காலத்தவை என்று அறிஞர் நெடுநாள் கருதி வந்தனர். கிழக்குக் கரைப் படிவுகளில் இலைகளோடு கிடைத்த கடலுயிர்கள், அதற்கு அடுத்ததாகிய கிரெட்டேசியஸ் காலத்தையே காட்டின. பின்னர் ராஜ்மகால் எரிமலைப் பாறையின் வயதைக் கணித்தபோதும் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்றே தெரிந்தது.

இலை தனித்துச் சொல்லாத உண்மையை, அருகில் கிடந்த ஓடு சொல்லிற்று. ஆகவே எது கிடைத்தது என்பதைப் போலவே, எந்த அடுக்கில், எதனோடு கிடைத்தது என்பதும் இன்றியமையாதது.

ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில்தான் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். குழியை வெட்டியவர்கள் சரளைக்காகவே வெட்டினார்கள். அதை உற்று நோக்க ஒருவர் இருந்தமையால் இந்நாட்டு மாந்தரின் தொன்மை புலப்பட்டது.

எனவே கடைக்கால் தோண்டுவது குற்றமன்று. தோண்டிய மண் லாரியில் ஏறிச் சென்றபின் அதன் அடுக்கை மீட்டல் இயலாது என்பதே கவலை. குழியை நிரப்புமுன், நிலவியல் பயிலும் மாணவர் சிலர் ஒருநாள் அதில் இறங்கி, அடுக்குகளை அளந்து குறித்துக்கொள்ள உரியவர்கள் இடம் தரலாகாதா? 12 கோடி ஆண்டுகளாகக் கிடந்த ஏட்டைப் படிக்க ஒருநாள் கேட்பது மிகையன்று.