ஆயாக் கொட்டகை முதல் பல்கலைக்கழகம் வரை

பொழுது விடியுமுன் பிரட்டுக்குப் போன நம் தாய்மார்கள், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் நமக்கு மறக்கவில்லை. மடியில் ஒன்று, ஏணையில் ஒன்று என்று பல வீட்டுப் பிள்ளைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்வார். அத்தொழிலை அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அன்பும் அனுபவமுமே துணை. ஆனால், துன்பத்தில் சிக்கிய பிள்ளையைக் காக்க அன்பு மட்டும் போதுமா?

இக்கேள்வி நம் நாட்டில் போருக்குப் பின் பெரிதாக எழுந்தது. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில், நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதோர் பலர். தோட்டங்களில் விதவைகளும் தந்தையற்ற பிள்ளைகளும் மிஞ்சினர். இத்தகைய போர்க்காலத் துயரங்களுக்கிடையேதான் 1946இல் சமூக நல இலாகா அமைந்தது.

அறநிலையங்களும் முன்வந்தன. சுவாமி சத்தியானந்தா நிறுவிய சுத்த சமாஜம், பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமாயிற்று. 1961இல் சுவாமி மறைந்தபின், அன்னை மங்களம் 2023இல் தாம் மறையும்வரை அப்பணியைத் தாங்கினார்.

இலாகாவும் இல்லமும் இருந்தால் போதாது, பயின்றவர்களும் வேண்டும். 1952இல், அப்போது சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வி தொடங்கிற்று. 1973இல் மலேசிய சமூகப் பணியாளர் சங்கம் அமைந்தது. 1975இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இக்கல்வியை நம் நாட்டிலேயே தொடங்கிவைத்தது.

மாணவர்கள் அங்கே எதைக் கற்கிறார்கள்? குழந்தையின் மன வளர்ச்சி, குடும்பத்தின் நிலை, சட்டம் ஆகியவற்றைப் படிக்கிறார்கள். பின்பு, அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் களப்பயிற்சி பெறுகிறார்கள்.

கிள்ளானில் ஒரு சிறுவன் பள்ளிக்கு வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். பயிலாதவர், "சோம்பேறி" என்று அதட்டிவிட்டுப் போவார். பயின்றவரோ வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்பார். பிறப்புப் பத்திரம் இல்லையா? தாய் இரவு வேலைக்குப் போகிறாரா? தம்பி தங்கையைப் பார்க்க வேறு ஆளில்லையா? காரணம் தெரிந்தால்தானே வழி பிறக்கும்! கேட்டதை ஊரில் பரப்பாமல் காப்பதும் அவர் கற்ற பாடமே.

"நல இலாகாவிடம் சொன்னால் பிள்ளையைப் பிடித்துப் போய்விடுவார்கள்" என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் காக்கிறது. ஆபத்திலிருந்து மீட்கப்பட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும். ஆக, அதிகாரியின் விருப்பம் மட்டும் முடிவாகாது. பிள்ளைக்குக் கேடு நேர்வதைக் கண்டால் 15999 என்ற எண்ணை அழைக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் பழைய தோட்டத்து லயத்திலும், தாய் தன் மனக்குறையைத் தமிழில்தான் சொல்வாள். அதைத் தமிழிலேயே கேட்டறியும் பணியாளர் நமக்கு வேண்டும். டாக்டர், வக்கீல் என்று கனவு காணும் நாம், பிறர் துயர் கண்டு இரங்கும் நம் மகனுக்கும் மகளுக்கும் இப்படிப்பையும் எடுத்துச் சொல்வோம். அன்று ஆயா தந்த அன்போடு கல்வியும் சேரட்டும்.