ஒப்பாரியும் ஒரு சீனப் பெட்டியும்: கேட்பதின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் தெருவில் முதன்முதலில் எம்.பி.3 பிளேயர் வாங்கியவன் நான்தான். வருடம் 2007. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் எதைக் கேட்டேன், எதைப் பதிவு செய்தேன், எதை அழித்தேன் என்பதைச் சொல்லாமல் ஒலியின் வரலாறு பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதனால் சொல்கிறேன்.

ஆரணிக்குத் தெற்கே இருக்கும் தேவிகாபுரத்தைப் பற்றி வெளியாட்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று பெரியநாயகி அம்மன் கோயில். இன்னொன்று பட்டு. கோயில் சுவரில் விஜயநகர காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் நிலம் கொடுத்தார்கள், யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. கல்லில் எழுதி வைக்க வசதி இருந்தவர்களுக்கு வரலாறு இருக்கிறது. எங்களுக்கு இருந்தது தொண்டை. தொண்டையில் இருப்பது ஆள் செத்தால் கூடவே போய்விடும்.

நெசவு என்றாலே வேறு சாதிகளின் தொழில் என்று நினைப்பவர்கள் உண்டு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலிலேயே கோலியர் என்ற பெயரில் நெய்யும் பறையர்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. தறி எங்களுடையது. பாவும் பட்டும் சரிகையும் முதலாளியுடையது. சேலையை அறுத்துக் கொடுத்தால் கூலி. அந்தக் கூலியில்தான் பிளேயர் வாங்கினேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் எப்படிக் கேட்டார்கள்?

எங்க நைனா சொல்வார்: 'பஞ்சாயத்து ரேடியோ ஊருக்குள்ள இருந்துச்சிடா. நாங்க இந்தப் பக்கமா நின்னுகினு கேப்போம். காத்து நம்ம பக்கம் அடிச்சாத்தான் பாட்டு. இல்லாங்காட்டி கொரகொரன்னு சத்தம் மட்டும்தான்.' பொதுப் பணத்தில் வாங்கிய ரேடியோ. அதன் பாட்டு சேரிக்கு வருவதைக் காற்று முடிவு செய்தது. திருவிழாவுக்குக் கட்டுகிற மைக் செட்டும் ஊரைப் பார்த்துத்தான் கட்டியிருக்கும்.

ஆனால் ஊர் எங்களைக் கேட்டது. எங்கள் தாத்தா சாவு மோளம் அடித்தவர். ஊரில் யார் செத்தாலும் போய் அடிக்க வேண்டும். மழையோ காய்ச்சலோ, வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கவனித்துப் பாருங்கள். சத்தம் எழுப்புவது எங்கள் கடமை, கேட்பது அவர்களின் உரிமை. அவர்கள் கேட்க விரும்பும்போது நாங்கள் அடிக்க வேண்டும். நாங்கள் எங்கள் விருப்பத்துக்கு அடித்தால் அது திமிர். தீண்டாமையைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை, தெருவை, கோயிலை, செருப்பைப் பேசுகிறோம். காதைப் பேசுவதில்லை. காதுக்கும் தீண்டாமை இருந்தது.

இந்த ஒழுங்கில் முதல் ஓட்டை போட்டது கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த சின்ன கேசட் 1980களில் இந்தியாவில் மலிவானது. கிராமபோன் தட்டு அச்சடிக்க பெரிய கம்பெனி வேண்டும். கேசட்டுக்கு இரண்டு டேப்ரிக்கார்டர் இருந்தால் போதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றிக்கொள்ளலாம். இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' பாட்டு தமிழ்நாட்டுச் சேரிகளுக்குள் போனது மேடை வழியாகவும் கேசட் வழியாகவும்தான். 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த அலையில், ஏப்ரல் 14 அன்று காலனியில் நாமே மைக் செட்டு கட்டி, நம் பாட்டை நம் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டோம். அதற்குச் சண்டை வந்த ஊர்கள் எத்தனை என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எம்.பி.3. இதன் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். நம் ஆட்கள் தொழில்நுட்பத்தை யாரோ கொடுத்த மாயப் பொருளாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானவர்கள் 1980களில் தொடங்கிய வேலை இது. கோப்புக்கு எம்.பி.3 என்ற பெயர் 1995இல் முடிவானது. பாட்டை அப்படியே சேர்த்து வைத்தால் இடம் நிறைய பிடிக்கும். அதனால் மனிதக் காது எதைக் கேட்காதோ அதைக் கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பெரிய சத்தம் ஒன்று இருக்கும்போது பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது. விழாததை எதற்காகச் சுமக்க வேண்டும்? தூக்கிப் போடு. இப்படிக் கழித்துக் கழித்து பாட்டு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இதை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. நம் நாட்டு வரலாற்றுப் புத்தகங்களை எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப நாளாகவே தெரியுமே!

1998இல் தென்கொரியாவின் சேஹான் கம்பெனி எம்.பி.மேன் என்ற கையடக்கப் பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 32 எம்.பி. என்றால் ஏழெட்டுப் பாட்டு. அதே வருடம் அமெரிக்காவில் டைமண்ட் கம்பெனியின் ரியோ வந்ததும் இசைத்தட்டு முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளேயர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தான் வாங்கிய பாட்டைத் தன் வசதிக்கு இடம் மாற்றிக் கேட்பது ஒருவனுடைய உரிமை என்ற அளவில் அந்தத் தீர்ப்பு முக்கியமானது. 2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் வந்தது. 399 டாலர். அது எங்கள் உலகத்துப் பொருளே அல்ல.

எங்கள் உலகத்துக்கு வந்தது சீனப் பெட்டி. ஜூஹாய் நகரத்து ஆக்ஷன்ஸ் கம்பெனி செய்த மலிவான சில்லை வைத்து, ஆயிரம் பெயரிலும் பெயரே இல்லாமலும் பிளேயர்கள் வந்து குவிந்தன. சென்னையில் கட்டட வேலை செய்த சித்தப்பா மகன் பர்மா பஜாரிலிருந்து ஒன்று வாங்கி வந்தான். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பிய தமிழர்கள் பிழைக்கக் கடை போட்ட இடம் அது. 650 ரூபாய். 256 எம்.பி. தீக்குச்சிப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு ஒல்லி பேட்டரி, நீல வெளிச்சத்தில் சின்னத் திரை. முதலில் போட்டதும் எல்லாம் சீன எழுத்து. ஏதேதோ பட்டனை அழுத்தி இங்கிலீஷுக்குக் கொண்டுவர அரைநாள் ஆனது. தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆரணியில் பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள்.

தறிக்குழியில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு நெய்வேன். தறிச்சத்தத்தை மீறி, அடுத்தவர் காதுக்குப் போகாமல், எனக்கு மட்டும் ஒரு பாட்டு. இதன் அருமை ஐபாட் வாங்கியவனுக்குப் புரியாது. கேட்க யாரிடமும் அனுமதி வேண்டாம், காற்றின் தயவு வேண்டாம், சண்டைக்கு யாரும் வரமாட்டான். எங்கள் வம்சத்தில் தனக்கென்று தனியாகக் கேட்ட முதல் காது என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஆயா திட்டும். 'இன்னாடா அது, எந்நேரமும் காதுல சொருவிகினு. கூப்டா காது கேக்குதா?' ஒருநாள் ஆயா காதில் மாட்டிவிட்டேன். பயந்து பிடுங்கிப் போட்டது. 'மண்டைக்குள்ள யாரோ பாடறாங்கடா!'

அந்தப் பெட்டியில் ரிக்கார்டும் உண்டு. குண்டூசித் தலை அளவு ஓட்டைக்குள் மைக். டெலிபோனில் பேசுவது மாதிரி கரகரவென்றுதான் பதிவாகும். ஆயா எங்கள் தெருவில் பேர்போன ஒப்பாரிக்காரி. எந்த வீட்டுச் சாவுக்குப் போனாலும் அந்த வீட்டுக் கதை முழுக்க ஒப்பாரியில் வந்துவிடும். யார் யாரிடம் எத்தனை மூட்டை நெல்லுக்குக் கொத்தடிமையாகக் கிடந்தார்கள், எந்தப் பஞ்சத்தில் யார் ஊரைவிட்டுப் போனார்கள், எந்தப் பெண்ணை யார் என்ன செய்தான் என்பது வரைக்கும். பெயர் சொல்லாது. ஆனால் கேட்பவர்களுக்கு யாரென்று தெரியும். ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டதே இல்லை. எங்கள் தெருவின் கல்வெட்டு அது.

சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று ஆயா மறுத்தது. கெஞ்சினேன். தாத்தாவுக்காகப் பாடினதைப் பாடு என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தொடங்கியது. பாதியில் நிஜமாகவே அழுதது. 40 நிமிஷத்துக்கு மேல் பதிவானது. நடுவில் கோழி கத்தும், பக்கத்து வீட்டுத் தறி அடிக்கும். எல்லாமே அதில் இருந்தது.

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஊர்த்தெரு நண்பன் ஒருவன் பக்கத்தில் உட்காருவான். எங்கள் வீட்டுக்கு வருவான், தண்ணீர் குடிக்க மாட்டான். ஆனால் என் காதிலிருந்து இயர்போனில் ஒன்றை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொள்வான். தண்ணீர்ச் சொம்பில் ஒட்டும் தீட்டு இயர்போனில் ஒட்டாது போலிருக்கிறது. மனுவுக்கு இயர்போன் தெரியாதே. நாங்கள் ஒரே ஒயரில் இரண்டு காதாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவோம். சாதி ஒழிந்துகொண்டிருக்கிறது என்று அப்போது நம்பினேன்.

ஒருநாள் அவன் பட்டனை அழுத்திக்கொண்டே போய் ஆயா பாட்டில் வந்து நின்றான். ஒரு நிமிஷம் கேட்டான். முகம் மாறியது. 'டேய், இன்னாடா இது? சாவுப் பாட்டு. இதையெல்லாம் போய் ஏத்தி வெச்சிகினு கீற. எடுறா மொதல்ல.' திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பின்சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கே அழித்தேன். 'சிவாஜி' படப் பாட்டுகள் வந்த நேரம் அது. அந்த இடத்தில் அவற்றை ஏற்றினேன். கேட்டவர்களிடம் 'மெமரி பத்தல' என்றேன்.

மெமரி பத்தாமல் அல்ல. வெட்கத்தில் அழித்தேன்.

2009இல் ஆயா செத்தது. ஆயாவுக்கு ஒப்பாரி வைக்க ஆயா அளவுக்குப் பாடத்தெரிந்த ஆள் தெருவில் இல்லை. அப்போதுதான் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஆரணியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். டெலிட் கொடுத்தவுடன் எதுவும் அழிவதில்லை, அட்டவணையில் பெயர் மட்டும்தான் அழியும். அதன்மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் மீட்டுவிடலாம். 'நீ மேல பாட்டு ஏத்திட்டியே தம்பி' என்றார்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது நாட்டுப்புறவியல் ஒரு தாள். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் ஒப்பாரிகளைப் படித்தேன். பெரிய வேலை அது, மறுக்கவில்லை. ஆனால் அச்சில் வந்த ஒப்பாரிக்கு மூச்சு இல்லை. எங்கே நிறுத்தி மார்பில் அடித்துக்கொள்வார்கள், எங்கே குரல் உடையும் என்பது எழுத்தில் இல்லை. பாடியவள் அங்கே 'தகவலாளி'.

நம் குரல்களை யாருமே பதியவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த காலத்திலேயே மெழுகு உருளைகளில் இங்குள்ள மக்களின் பாடல்களைப் பதிந்தார்கள். மக்களின் மூக்கை அளக்கக் கருவி எடுத்துப் போனவர்களே ஃபோனோகிராஃபையும் எடுத்துப் போனார்கள். மூக்கு, மண்டை, குரல் எல்லாமே அவர்களுக்கு அளவுகள். பதிவுக் கருவி யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. 2007இல் வரலாற்றில் முதல் தடவையாக அது ஆயாவின் பேரன் கையில் இருந்தது. அவனும் அழித்தான். வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லி முடிக்க எனக்கு வழியில்லாமல் போனது இதனால்தான். சாதி நம் வாயை மூடுவதோடு நிற்பதில்லை, நம் குரலை நாமே கேட்கக் கூச வைக்கிறது.

இயர்போன் விடுதலையும் பாதி விடுதலைதான். ரகசியமாகக் கேட்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே கேட்டால்? 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தில் ஷீரடியில், போனில் அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததற்காகத் தொடங்கிய தகராறில் 21 வயது தலித் மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். பாட்டுக் கேட்கும் கருவி எவ்வளவு மாறினாலும், எவன் பாட்டு தெருவில் கேட்கலாம் என்ற சட்டம் மாறவில்லை. அதனால்தான் 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு திறந்த மேடையில் கானாவும் பறையுமாகப் பாடியதை நான் வெறும் இசைக் கச்சேரியாகப் பார்க்கவில்லை. காதுக்குள் ஒளித்துவைத்ததை வெளியே எடுத்த வேலை அது.

எம்.பி.3யின் காப்புரிமைக் காலம் முடிந்து 2017இல் உரிமக் கட்டணமும் நின்றது. 2022இல் ஆப்பிள் ஐபாடை நிறுத்தியது. என் சீனப் பெட்டி இப்போது பேட்டரி போட்டாலும் எரிவதில்லை. ஆனால் இன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற போன் அதைவிட நூறு மடங்கு நன்றாகப் பதியும். இடமில்லை என்று யாரும் பொய் சொல்ல முடியாது.

போன வருடத்திலிருந்து எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் கிழவிகளிடம் போய்ப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது: உங்கள் தெருவிலும் செய்யுங்கள். ஆராய்ச்சிப் பட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரே இடத்தில் வைக்காதீர்கள், மூன்று பேரிடம் பிரதி கொடுங்கள். கோழி கத்தினால் நிறுத்தாதீர்கள்.

முதலில் நான் போனது ஆயாவின் கூட்டாளி ஒருத்தியிடம். அவரும் சாவில்லாத வீட்டில் பாட மாட்டேன் என்றார். பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். 'பாட்டுக்கு மொதல்ல என் பேர நானே சொல்றேன். அப்பறமா பாடறேன். சரியா?'

சரி என்றேன். பட்டனை அழுத்தினேன். அவர் தன் பெயரையும், தாய் பெயரையும், தாயைப் பெற்றவள் பெயரையும் சொல்லிவிட்டுத் தொடங்கினார்.