மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டியவர்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் தொடர்க.

கிறித்தவக் குடும்பங்களில் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசும் எந்த நூலை எடுத்தாலும் அதில் சொல்லப்படாத ஓர் எடுகோள் இருக்கும். நம்பிக்கை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்கிறது என்பதே அது. தாய் மடியில் முதற் செபம், தந்தை வாயிலிருந்து கட்டளைகள், பிறகு கோவில். இந்தியாவின் கடற்கரைகளில் 16ஆம் நூற்றாண்டில் நடந்ததைப் படிப்பவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும். அங்கே பிள்ளை கற்றது. பெற்றோர் பிள்ளையிடம் கற்றனர். அந்தத் தலைகீழ் நிலையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது என்னை நெடுநாளாக ஈர்த்துவரும் கேள்வி. மொழியியல் படித்தவன் என்பதால் சொற்களின் வழியாகவே அதற்குள் நுழைகிறேன்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் நடுப்பகுதியில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். கடலில் போட்டியாளர்களிடமிருந்து போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. பாதுகாப்பு கிடைத்தது, முழுக்கும் நடந்தது. போதனை மட்டும் நடக்கவில்லை. பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் இக்கரைக்கு வந்தபோது, தாம் கிறித்தவர் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறொன்றும் அறியாத மக்களையே கண்டார். அவருக்கோ தமிழ் தெரியாது.

அவர் செய்ததை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் விரிவாகச் சொல்கிறார். இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் உழைத்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியோடு தெருவில் இறங்கினார். மணியோசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். நாளுக்கு இருமுறை அவர்களைக் கூட்டி ஓதுவித்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. நோயாளிகளின் வீட்டுக்குத் தம்மால் போக முடியாதபோது பிள்ளைகளையே அனுப்பி அவர்கள் வாயால் செபம் சொல்லவைத்தார். வேறொரு துறையில் இதைக் குழந்தை உழைப்பு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அப்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கௌரவமாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த மொழிபெயர்ப்பு எப்படி இருந்தது? தம்முடன் பணியாற்றிய மான்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் எழுதிய ஒரு கடிதத்தில் இரண்டு திருத்தங்கள் உள்ளன. விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவந்த இடத்தில் ‘வேணும்’ என்பதை விட்டுவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு பணிக்கிறார். முன்னதற்கு ‘விரும்புகிறேன்’ என்றும் பின்னதற்கு ‘நம்புகிறேன்’ என்றும் பொருள் என்பதை அதற்குள் அவர் அறிந்துவிட்டார். இரண்டாவது, கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடம். அங்கே வழங்கிவந்த ‘வன்பினாலே’ என்ற சொல்லை நீக்கச் சொல்கிறார். அவர் பாடுபட்டது கட்டாயத்தால் அன்று, தம் விருப்பத்தால். ‘அன்பினாலே’ என்பதற்கும் ‘வன்பினாலே’ என்பதற்கும் இடையே இருப்பது ஒரு வகர மெய்தான்.

இத்திருத்தங்களைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஓராண்டுக்கு மேலாக அக்கரையின் பிள்ளைகள் ‘நம்புகிறேன்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று ஓதியிருக்கிறார்கள். அதையே பெற்றோருக்கும் கற்பித்திருக்கிறார்கள். வேண்டுதல் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதானே. கடலுக்குப் போன தகப்பன் திரும்பிவர வேண்டும் என்று கேட்பதும், இறைவனை நம்புகிறேன் என்று அறிக்கையிடுவதும் அந்த வீடுகளில் ஒரே வினையால் நிகழ்ந்தன. இறையியலில் அது பிழை. வாழ்க்கையில் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இடையே ஒரு சிறு குறிப்பு: ‘வேண்டும்’ அன்று, ‘வேணும்’. 1544இன் பேச்சுத்தமிழ் ஒரு ஸ்பானியரின் காதில் எப்படி விழுந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

சவேரியார் ஊரைவிட்டுப் போனபின் ஓதுவிக்க ஆள் வேண்டுமே. அவர் கடிதங்களில் ‘கனகப்போலி’ போன்ற ஒலியில் வரும் சொல் நம் கணக்கப்பிள்ளைதான். ஊர்க் கணக்கு எழுதுபவரின் பெயர் மறையாசிரியருக்கு ஆனது. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சவேரியார் கண்ட வழி விந்தையானது. முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பொற்பணம் போர்த்துக்கல் அரசி காதரீனாவின் காலணிச் செலவுக்கு என்று சென்றுகொண்டிருந்தது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு விடுமாறு சவேரியார் கேட்டார், கிடைத்தது. அரசி விண்ணகம் ஏறுவதற்கு இக்கரைப் பிள்ளைகளைவிட நல்ல காலணி வேறில்லை என்ற கருத்தில் எழுதவும் செய்தார். இந்த அரசியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இக்கதையில் எனக்கு உறுத்தும் இடம். 1544ஆம் ஆண்டின் அதே கடிதத்தில், பிள்ளைகள் தம் பெற்றோர் மறைவாகச் சிலை வணங்கினால் கடிந்துகொள்வதையும், தம்மிடம் வந்து சொல்வதையும் சவேரியார் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். அவர் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு அவ்வீட்டுக்குச் செல்வார். பிள்ளைகள் சிலைகளை உடைத்து மிதிப்பார்கள். அவர் அதில் கண்டது பேரார்வம். அந்த மாலையில் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பியது, யார் சோறு போட்டார்கள், தாய் என்ன பேசினாள் என்பன கடிதத்தில் இல்லை. மதத்தை எடுத்துச் செல்லும் கருவியாகப் பிள்ளையை ஆக்கும்போது, வீட்டுக்குள் ஒரு கண்ணும் நுழைந்துவிடுகிறது.

அச்சு வந்தபோதும் முதலில் அச்சேறியது பிள்ளைகளுக்கான பாடமே. 1554இல் லிஸ்பனில் வெளிவந்த ‘கார்த்தில்யா’வில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில், போர்த்துக்கீசியத்தோடு வரிக்கு வரி இணைத்து அச்சிடப்பட்டன. 1578இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் தமிழ் எழுத்திலேயே வந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ அதைவிடப் பெரிய நூல். அதன் மூலம் மார்க்கோஸ் ஜார்ஜ் என்ற சேசு சபையார் சிறுவர்க்குக் கற்பிப்பதற்காகவே உரையாடல் வடிவில் எழுதிய போர்த்துக்கீசிய நூல். இதே நூலைத் தாமஸ் ஸ்டீபன்ஸ் கொங்கணியில் பெயர்த்தார். அவர் இறந்தபின் 1622இல் இராய்ச்சூரில் அச்சானது. (இது கோவாவின் சல்சேத்தியில் உள்ள ரசோல். கன்னட நாட்டு இராய்ச்சூர் வேறு.) 1624இல் ஆப்பிரிக்காவின் காங்கோ மொழியிலும் வந்தது. ஒரே வினாவுக்கு ஒரே விடையை மணப்பாட்டுப் பிள்ளையும் மட்காவ் பிள்ளையும் காங்கோப் பிள்ளையும் தத்தம் மொழியில் ஒப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அச்சிட்ட பாடநூல் என்பதே பெரும்பாலோர் கண்டிராத நூற்றாண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கோவாவில் கதை வேறு பாதையில் போயிற்று. 1559இல் ஓர் அரசாணை பிறந்தது. கோவா நகரிலும் தீவுகளிலும் தாய், தந்தை, பாட்டன், பாட்டி முதலிய மூத்தோர் எவருமின்றி விடப்பட்ட இந்துச் சிறுவரைச் சேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியில் ஒப்படைத்துத் திருமுழுக்களித்து வளர்க்க வேண்டும் என்றது அது. ஆணையின் சொற்கள் அனாதைகளைப் பற்றியவை. ஆனால் ‘அனாதை’ என்ற சொல்லின் எல்லை நாளடைவில் விரிந்தது. தந்தை இறந்தாலே போதும், தாய் உயிரோடிருந்தாலும் பிள்ளை அனாதை என்ற நிலை வந்தது. கணவனை இழந்த பெண்கள் துக்கத்தோடு பிள்ளையையும் மறைக்க வேண்டியிருந்தது. உறவினர் பிள்ளைகளைப் படகேற்றி ஆற்றுக்கு அப்பால் போர்த்துக்கீசிய ஆட்சியில்லாத ஊர்களுக்குக் கடத்தினார்கள். குடும்பங்களே பெயர்ந்தன. சொற்பொருள் விரிவு என்று நாங்கள் வகுப்பறையில் படிக்கும் ஒன்றுக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆணை செபஸ்தியான் மன்னரின் பெயரில் வந்தது. அப்போது மன்னருக்கு வயது ஐந்து. அவர் பிறப்பதற்குச் சில நாள் முன்பே தந்தை இறந்திருந்தார். தாய் அவரைக் கைக்குழந்தையாக விட்டு ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டார். பாட்டி வளர்த்தார், பாட்டியே அவர் பெயரால் ஆண்டார். அந்தப் பாட்டிதான் காலணிப் பணத்தை விட்டுக்கொடுத்த காதரீனா. பின்னாளில் விரிந்த பொருளின்படி பார்த்தால் ஆணையிட்ட சிறுவனும் ஓர் அனாதையே.

மொழியிலும் கோவா திசை மாறியது. ஸ்டீபன்ஸ் காலத்தில் பிள்ளைக்குக் கொங்கணியில் சொல்லவேண்டும் என்பது கொள்கை. 1684இல் அரசப் பிரதிநிதி ஆல்வோர், மக்கள் 3 ஆண்டுகளுக்குள் கொங்கணியை விட்டுப் போர்த்துக்கீசியத்துக்கு மாறவேண்டும் என்று ஆணையிட்டார். 1745இல் பேராயர் ஒருவர் போர்த்துக்கீசியம் தெரியாதவர்களுக்குத் திருமணமே இல்லை என்னும் அளவுக்குச் சென்றார். கொங்கணி சாகவில்லை. அது இன்றும் வீட்டுச் செபங்களில் ஒலிக்கிறது. மறைக்கல்விக்கு அதில் வழங்கும் சொல் ‘தோதோர்ன்’, போர்த்துக்கீசிய ‘தோத்ரீனா’வின் மருஉ. இரவல் சொல்லையும் தம் வாய்க்கேற்ப வளைத்துக்கொண்டவர்களிடம் ஆணைகள் செல்லுபடியாகவில்லை.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்குவின் மரபு இன்னொன்று. லூத்தரின் 1529ஆம் ஆண்டுச் சிறு ஞானோபதேசம் குடும்பத்தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்கும் முறையில் அமைந்த நூல். தந்தையிடமிருந்து பிள்ளைக்கு என்ற திசை அதன் அமைப்பிலேயே உண்டு. ஆனால் தரங்கம்பாடியில் அத்தகைய தந்தையர் ஏது? ஆகவே பள்ளி வீடாயிற்று. பிள்ளைகள் அங்கேயே உண்டு உறங்கிக் கற்றனர். சீகன்பால்குவோ, 24 வயதில், ஒரு கிழவாத்தியாரின் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். பிள்ளைகளிடம் கற்றவர் அவர்.

இம்மரபில் வந்த சுவார்ட்சு ஐயர் தஞ்சையில் இரு சிறுவரை வளர்த்தார். ஒருவர் நெல்லையிலிருந்து அழைத்துவந்த வேதநாயகம். பின்னர் பெத்லகேம் குறவஞ்சி பாடிய சாஸ்திரியார். மற்றவர் துளஜாஜி மன்னர் தத்தெடுத்து இவர் பாதுகாப்பில் விட்ட சரபோஜி. சரபோஜி கடைசிவரை கிறித்தவர் ஆகவில்லை. சுவார்ட்சு 1798இல் இறந்தபின் அவருக்காகச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச்சின்னம் செய்வித்தார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே கவிதை எழுதினார். மதமாற்றக் கணக்கில் சரபோஜி ஒரு தோல்வி. வளர்ப்பின் கணக்கில் அப்படிச் சொல்ல எவருக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன்.

கடற்கரையை விட்டு மலைக்குப் போனால் கேள்வியே வேறாகிறது. 1841இல் வேல்சு நாட்டுத் தாமஸ் ஜோன்ஸ் காசி மலையின் சோராவுக்கு வந்தார். அதற்கு முன் செராம்பூர் மிஷனரிகள் வங்க எழுத்தில் காசியை எழுதிப் பார்த்திருந்தனர். ஜோன்ஸ் உரோமன் எழுத்தை எடுத்து, தம் தாய்மொழியின் எழுத்துமுறையைச் சார்ந்து அமைத்தார். காசிப் பிள்ளைகளின் நெடுங்கணக்கில் ஏ, பிக்குப் பின் வருவது கே; ஜிக்குப் பின் ‘ங்’ தனி எழுத்து. அந்த ‘ங்’ வேல்சு நெடுங்கணக்கில் இருக்கும் அதே இடம். வேல்சிலிருந்து வந்த ஞாயிறு பள்ளியும் சிறுவருக்கு மட்டும் உரியதன்று, எல்லா வயதினருக்குமானது. பேரனும் பாட்டனும் ஒரே நாளில் மாணவர்கள்.

காசியர் தாய்வழிச் சமூகத்தார். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். வீடும் குலச் சடங்குகளும் கடைசி மகளான ‘கத்து’வின் பொறுப்பு, மதத்தைப் பிடித்திருப்பவள் அவளே என்பது அவர்கள் வழக்கு. ஆகவே தந்தை கிறித்தவரானால் ஒரு மனிதர் மாறினார் என்று பொருள். கடைசி மகள் மாறினால் முன்னோரின் எலும்புகளைக் குலத்தின் கல்லறையில் சேர்க்கும் கை மாறிவிடுகிறது. 1907இல் காசியரைப் பற்றி எழுதிய கர்டன், கடைசி மகள் மதம் மாறினால் அவளுடைய இடம் அவளுக்கு முன் பிறந்த தமக்கைக்குப் போகும் என்று குறிக்கிறார். ஞாயிறு பள்ளியில் எழுத்தறிந்த கடைசி மகள்கள் இருந்த வீடுகளில், பாட்டிமார் அந்த விதியை எண்ணிக்கொண்டே அடுத்த பேத்தியைப் பார்த்திருப்பார்கள். சில வீடுகளில் அவளும் அதே பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.