காவல் காது

என் அம்மா அடுப்படியில் இருந்தபடியே தொட்டில் ஆட்டுவாள். பட்டாசல் உத்தரத்தில் சேலைத் தொட்டில் தொங்கும். அதன் ஓரத்தில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, நிலைப்படி தாண்டி அடுப்படி வரை கொண்டுவந்து, நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வாள். கை அரிவாள்மணையில் இருக்கும், கால் கயிற்றை இழுத்து இழுத்து விடும். தம்பி உள்ளே புரண்டால் கயிறு அவள் விரலுக்குச் சொல்லிவிடும். அவன் அழத் தொடங்கும் முன்பே அவள் எழுந்து போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கயிறு எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது நியூ ஜெர்சியில். மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் ஆறு மாதம் தங்கப் போயிருந்தோம். குழந்தைக்கென்று மாடியில் தனி அறை. மரச்சட்டத் தடுப்பு வைத்த கட்டில். அதற்கு மேலே சுவரில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கேமரா. கீழே மகளின் கையில் செல்போன் அளவுத் திரை. விளக்கணைத்த அறையில் பேத்தி தூங்குவது அதில் சாம்பல் நிறமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கேமராவே பாய்ச்சி, அந்த ஒளியிலேயே படம் பிடிக்கிறது. டிவி ரிமோட்டின் முனையில் இருக்கிற அதே ஒளிதான். திருநெல்வேலி டவுனில் 31 வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். ஒரு கருவியைப் பார்த்தால் அதன் தகப்பன் யார், பாட்டன் யார் என்று தேடாமல் என்னால் இருக்க முடியாது. தேடிப் போனபோது, அந்தக் கருவியின் கதை தொடங்கிய இடம் மகள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருந்தது.

1932 மார்ச் 1, செவ்வாய்க்கிழமை இரவு. நியூ ஜெர்சியில் ஹோப்வெல் ஊருக்கு அருகே குன்றுப் பகுதியில் ஒரு புது வீடு. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்கின் வீடு அது. 20 மாதக் குழந்தையை மாடி அறையில் தூங்கவைத்துவிட்டுத் தாதி கீழே வந்தாள். அந்த அறையில் ஒரு சன்னலின் மரக்கதவு கோணியிருந்ததால் தாழ்ப்பாள் விழவில்லை. ஒன்பது மணிவாக்கில், பழப்பெட்டி முறிகிறாற்போல ஒரு சத்தம் கேட்டதாக லிண்ட்பெர்க் பின்னால் சாட்சி சொன்னார். அப்போது யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பத்து மணிக்குத் தாதி மேலே போனபோது கட்டில் காலியாக இருந்தது. சன்னலோரத்தில் 50,000 டாலர் கேட்டு ஒரு கடிதம். வெளியே கையால் அடித்த மர ஏணி. மே 12-ஆம் தேதி, வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் குழந்தையின் உடல் கிடைத்தது.

மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஃபிளெமிங்டனுக்குக் கூட்டிப்போனார். குற்றம் சாட்டப்பட்ட புரூனோ ஹாப்ட்மனின் வழக்கு 1935-ல் நடந்த நீதிமன்றக் கட்டடம் அங்கே பிரதான சாலையில் வெள்ளைத் தூண்களோடு இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டு அவருக்கு மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தத் தூண்களுக்கு எதிரே நின்றபோது எனக்கு வழக்கைவிட அந்தச் சத்தம்தான் மனசில் ஓடியது. வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள், வேலைக்காரர்கள் இருந்தார்கள். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் ஒரு கயிறு மட்டும் இல்லை.

அந்தப் பயம் அமெரிக்காவின் பணக்கார வீடுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. சிகாகோவில் ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் யூஜின் மெக்டொனால்ட். அவருக்கும் ஒரு சின்ன மகள் இருந்தாள். சொந்தப் படகில் குடும்பத்தோடு தங்குபவர். தூங்கும் மகளின் அறைச் சத்தம் தன் காதுக்கு வரும்படி கையிலிருந்த ஒலிவாங்கியையும் பெருக்கியையும் வைத்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பிறகு அதையே ஒழுங்கான கருவியாகச் செய்து தரும்படி தன் பொறியாளர்களிடம் சொன்னார். 1937-ல் வந்த அந்தக் கருவியின் பெயர் ‘ரேடியோ நர்ஸ்’. ஏறக்குறைய 20 டாலர் விலை. தொட்டிலருகே வைக்கும் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘காவல் காது’.

காவல் காது சாதாரண உலோகப் பெட்டிதான். பெற்றோர் பக்கத்தில் வைக்கும் ஒலிபெருக்கி அப்படியில்லை. அதை வடிவமைத்தவர் இசாமு நொகுச்சி என்ற சிற்பி. ஜப்பானியக் கவிஞரான தகப்பனாருக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்தவர். பழுப்பு நிறப் பேக்லைட்டில், கழுத்தோடு கூடிய ஒரு தலை மாதிரி செய்தார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கிடைமட்டச் சட்டங்கள், அவற்றின் வழியே ஒலி வரும். சிலருக்கு அது தாதியின் தலை, சிலருக்கு ஜப்பானிய வாள்வித்தைக்காரர் அணியும் முகக்கவசம். படத்தில் பார்த்தாலே என் கை அதைத் தடவிப் பார்க்கிறது. பேக்லைட் எனக்குப் பழகிய பொருள். மர்ஃபியும் புஷ்ஷும் பிலிப்ஸும் அந்த உடம்போடுதான் என் மேசைக்கு வந்தன. வால்வு சூடேறினால் பேக்லைட்டிலிருந்து கார்பாலிக் வாசனை லேசாக எழும். அந்த வாசனையோடு ஒரு குழந்தையின் மூச்சும் அந்தத் தலைக்குள்ளிருந்து வந்திருக்கும் என்று நினைக்கும்போது அந்தப் பொருள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. அருங்காட்சியகங்கள் அதைச் சிற்பமாகவே மதித்து வைத்திருப்பது நியாயம்தான்.

ஆனால் அது விற்கவில்லை. காரணம் எனக்கு உடனே புரிந்தது. காவல் காது கேட்ட சத்தத்தை வீட்டு மின்கம்பி வழியாகவே அனுப்பினார்கள். தனி வயர் இழுக்க வேண்டாம், இரண்டு பிளக் போதும். அருமையான யோசனை. இதே தத்துவத்தில் வேலை செய்த பிளக்-இன் இண்டர்காம் பெட்டிகள் எண்பதுகளில் எங்கள் ஊருக்கும் வந்தன. ஒரு வக்கீல் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் இரண்டு பெட்டி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் கடைக்கு வந்து, “அண்ணாச்சி, பக்கத்துத் தெரு டாக்டர் நோயாளிகிட்ட பேசுறது எங்க வீட்ல கேக்கு” என்றார். டாக்டரும் அதே மாதிரிப் பெட்டி வாங்கியிருந்தார். இரண்டு கட்டடமும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில், ஒரே ஃபேஸில் இருந்தன. மின்கம்பிக்கு வீட்டு வாசல் என்று ஒரு எல்லை கிடையாது. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. குழந்தையின் சத்தத்தோடு வேறு அலைகளும் ரேடியோ நர்ஸுக்குள் புகுந்தன. குழந்தை அழுகிறதா என்று காதைக் கூர்மையாக்கிக் கொண்டிருக்கும் தாய்க்கு வேறு ஏதோ ஒலி கேட்டால் அவள் என்ன செய்வாள்?

நொகுச்சியின் வாழ்க்கையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் கழித்து, போர்க்காலத்தில், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. நியூயார்க்கில் இருந்த நொகுச்சிக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அங்கிருப்பவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று அரிசோனாவில் போஸ்டன் என்ற முகாமுக்குத் தானாகவே போனார். போனபின் வெளியே வரப் பல மாதம் போராட வேண்டியிருந்தது. அமெரிக்கத் தாய்மார்களின் படுக்கையருகே வைக்கக் காவல் முகம் செதுக்கியவரையே அந்த நாடு காவலில் வைத்தது. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

போருக்குப் பிறகு பல வருடம் குழந்தைக் காவல் கருவி பெரிதாக வளரவில்லை. டிரான்சிஸ்டர் மலிந்து, எண்பதுகளில்தான் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது. அமெரிக்காவில் அவை 49 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசின. கம்பியில்லா டெலிபோனும் பொம்மை வாக்கி-டாக்கியும் அதே பட்டைதான். ஒரு தெருவில் இரண்டு பச்சைக் குழந்தை இருந்தால் ஒரு வீட்டு அழுகைக்கு இன்னொரு வீட்டுத் தாய் எழுந்து ஓடினாள்.

இதற்கிடையே, மூச்சை எண்ணும் கருவி தனியாக ஒரு பாதையில் வளர்ந்தது. குழந்தைகள் தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோவது அமெரிக்க வீடுகளின் தீராத துயரம். 1972-ல் ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவதுதான் இந்த மரணங்களுக்கு முன்னறிகுறி என்றார். ஒரே தாய்க்குப் பிறந்து அடுத்தடுத்து இறந்த இரண்டு குழந்தைகளை முக்கிய உதாரணமாகக் காட்டினார். அதை நம்பி, நெஞ்சில் பட்டை கட்டி, மூச்சு நின்றால் அலறும் கருவிகள் வீடு வீடாகப் போயின. 20 வருடத்துக்கு மேல் கழித்து உண்மை வேறுவிதமாக வெளிவந்தது. அந்த இரண்டு குழந்தைகளோடு சேர்த்துத் தன் ஐந்து குழந்தைகளையும் தாயே கொன்றாள் என்று 1995-ல் நியூயார்க் மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-ல் 1,079 குழந்தைகளை வீட்டிலேயே கண்காணித்த ஆய்வு ஒன்று வெளியானது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் மூச்சு அவ்வப்போது நின்று வருவது சகஜம் என்று அது காட்டியது. உயிர்களைக் காப்பாற்றியது கருவியே இல்லாத ஒரு பழக்கம். குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள், மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1994-ல் தொடங்கிய பிரச்சாரத்துக்குப் பிறகு அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

தொண்ணூறுகளில் சத்தத்தோடு படமும் சேர்ந்தது. முதலில் வந்தவை பழைய டிவி மாதிரி அலை பரப்புபவை. எந்தப் பூட்டும் இல்லாத அலை. தகுந்த ரிசீவரோடு காரில் தெருவைச் சுற்றினால் வீடுகளுக்குள் ஓடும் கேமராப் படங்கள் தெரியும் என்று 2002-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அப்புறம் ஒய்ஃபை வந்தது. ஆபீசிலிருந்து பார்க்கலாம், எங்கள் ஊரிலிருந்து பாட்டியும் பார்க்கலாம். 2012-ல் ட்ரெண்ட்நெட் கம்பெனியின் கேமராக்களில் இருந்த ஓட்டையை ஒருவர் கண்டுபிடிக்க, ஏறக்குறைய 700 கேமராக்களின் நேரடிப் படங்கள் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தன. தொட்டிலில் தூங்கும் குழந்தைகளும் அதில் உண்டு. 2013-ல் அமெரிக்க வணிக ஆணையம் அந்தக் கம்பெனிமேல் நடவடிக்கை எடுத்தது. அதே வருடம் ஹூஸ்டனில் இரண்டு வயதுக் குழந்தையின் அறையில் இருந்த கேமராவை யாரோ ஓர் அந்நியன் கைப்பற்றி, அதன் ஒலிபெருக்கி வழியாக அந்தக் குழந்தையைக் கெட்ட வார்த்தையால் திட்டினான். அது பிறவியிலேயே காது கேளாத குழந்தை. செவிக்கருவி அந்த நேரம் அணைத்திருந்ததால் ஒரு சொல்லும் அதற்குக் கேட்கவில்லை. பெற்றோர் ஓடிவந்து கேட்டார்கள்.

நான் ஒரு மெக்கானிக்காகப் பார்க்கிறேன். அம்மாவின் கயிற்றுக்கு இரண்டே முனை. ஒன்றில் குழந்தை, ஒன்றில் அவள் கால்விரல். மின்கம்பி தெருவுக்குப் பொது. காற்றலை பேட்டைக்குப் பொது. இணையம் உலகத்துக்கே பொது. ஏணி வைத்து ஏறி வந்தவனுக்குப் பயந்து செய்த கருவி, ஏணியே தேவைப்படாத ஆட்களுக்கு வழி திறந்திருக்கிறது. இதற்காகக் கருவியைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். மகள் பிரசவ அறுவைசிகிச்சைக் காயத்தோடு மாடிப்படி ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டது அதுதான். பூட்டுப் போடத் தெரியாமல் வாங்கி வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

வீட்டில் ஒரு வாக்குவாதமும் நடந்தது. “பச்சப் புள்ளைய மாடியில தனியா போட்டுட்டு இங்க உக்காந்து டிவி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருக்கோமே” என்று என் மனைவிக்குத் தாங்கவில்லை. தன் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றாள். “ஒரே மெத்தையில படுக்க வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கம்மா” என்றாள் மகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதைத் தேடிப் படித்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரே படுக்கை கூடாது. ஆனால் முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, அதற்கென்று தனிக் கட்டிலில் தூங்க வேண்டும். மாப்பிள்ளையும் நானும் அன்றைக்கே அந்தக் கட்டிலைப் பிரித்து, மகளின் அறையில் மறுபடி பூட்டினோம். பகல் தூக்கத்துக்கு மட்டும் கேமரா.

கட்டிலைக் கழற்றும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். கேமராவின் பவர் வயர் கட்டில் சட்டத்தை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. 2011-ல் அமெரிக்காவில் 17 லட்சம் வீடியோ மானிட்டர்களுக்கு எச்சரிக்கை விட்டார்கள். இரண்டு குழந்தைகள் அந்த வயர் கழுத்தில் சுற்றி இறந்திருந்தன. குழந்தையின் கைக்கு எட்டாமல் மூன்றடி தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. மகள் வீட்டில் அது அரையடிகூட இல்லை.

இந்த வருடமும் நம் ஊரிலிருந்து எத்தனையோ தாத்தா பாட்டிகள் பிரசவம் பார்க்க விமானம் ஏறுவீர்கள். போய் இறங்கியதும் மூன்று வேலை செய்யுங்கள். ஒரு இஞ்சி டேப் எடுத்து, கட்டிலிலிருந்து மானிட்டர் வயர் மூன்றடி தள்ளியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே பிள்ளைகளை மாற்றச் சொல்லுங்கள், வேறு எதற்கும் போடாத புதுச் சொல்லாக. குழந்தை அந்த அறையில் இல்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.