வரையாடும் வாட்டில் பட்டையும்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். மூட்டையும் கைவண்டியும் கூவலுமாக இருக்கும் அந்த வட்டாரத்தில் காட்டு விலங்குகளைப் பற்றி யாருக்கு என்ன கவலை? எங்களுக்குத் தெரிந்த பிராணி ஆடு. அதுவும் உயிருள்ள ஆடு அல்ல. உப்புத் தடவி அடுக்கிய தோல். என் தகப்பனார் ஆம்பூரில் ஒரு டானரியில் கணக்கு எழுதியவர். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே, "இது வெள்ளாடு, இது செம்மறி" என்று சொல்லிவிடுவார். மாலையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால், பட்டை ஊறிய தண்ணீரின் வாசனை வீடெல்லாம் பரவும்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வரையாடு பார்க்கப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, உதகை சென்று, வனத்துறையின் அனுமதியோடு முக்குருத்திப் புல்வெளியில் ஒரு விடியற்காலை நின்றேன். வனக்காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். பனி விலகும் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் என் தோளைத் தொட்டு, "சார், அசையாதீங்க, அந்தப் பாறைமேலே" என்றார்.

பாறை விளிம்பில் ஒரு பெட்டை ஆடு காவல் நின்றது. அதற்குக் கீழே ஏழெட்டு உருப்படிகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. நடுவே முதிர்ந்த கிடா ஒன்று. அதன் கரிய முதுகில் வெள்ளி பூசினாற்போல ஒரு திட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முதலில் என் மனம் அந்தத் தோலைத்தான் எடை போட்டது! காவல் நின்ற ஆடு ஒருமுறை சீட்டியடித்தது. மறுகணம் கூட்டம் முழுவதும் செங்குத்தான பாறையில், மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கி மறைந்துவிட்டது. அப்போதுதான் நான் பார்த்தது ஓர் உயிர் என்று உறைத்தது.

வெள்ளைக்காரத் துரைமார்கள் இதை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று அழைத்தார்கள். வெள்ளித் திட்டுக் கிடாவைச் சுட்டு வீழ்த்துவது அவர்களுக்குப் பெருமை. ஆனால் சுட்டுக்கொண்டே போனால் நாளைக்குச் சுட ஒன்றும் மிஞ்சாது என்பதையும் அவர்களே உணர்ந்தார்கள். 1877ல் நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் ஒன்று பிறந்தது. 1879ல் வேட்டைப் பிராணிகளையும் மீனையும் காக்கச் சட்டம் வந்தது. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1982ல் முக்குருத்தி சரணாலயமாயிற்று. 1990ல் தேசியப் பூங்கா.

துப்பாக்கி ஓய்ந்ததே, பிறகென்ன குறை என்று கேட்டேன். காவலர் பதில் பேசாமல் எதிர்ச்சரிவைக் காட்டினார். அங்கே புல் இல்லை. இருண்ட, நெருக்கமான மரங்கள். "சீகை, சார்" என்றார்.

அவர் சீகை என்றதைத்தான் எங்கள் ஊரில் வாட்டில் என்பார்கள்! பழைய நாளில் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை போதுமாயிருந்தது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலேறி வந்தது. அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க வேண்டாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்திருந்த இனம்தானே! சுதந்திரத்துக்குப் பிறகு நீலகிரிப் புல்வெளிகளில் கறுப்பு வாட்டில் பெருவாரியாக நடப்பட்டது. புல்வெளியை அன்று வெறும் தரிசு என்று நினைத்தார்கள். மரம் அடர்ந்ததும் புல்லுக்கு வெயில் போயிற்று. புல் போனதும் ஆட்டுக்கு மேய்ச்சல் போயிற்று. மரத்தை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை மறுபடி முளைக்கிறது. துப்பாக்கிக்குத் தடை போட்ட மாதிரி விதைக்குத் தடை போட முடியுமா?

ஊர் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "நான் எழுதினது பட்டைக் கணக்குடா. அந்தப் பட்டை எதை மூடிக்கொண்டு வளர்ந்ததுன்னு யார் எழுதினா?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கில்தான் நான் படித்தேன். எங்கள் தெருவில் ஒருவரும் துப்பாக்கி தூக்கியதில்லை. ஆனாலும் அந்தச் சரிவின் இருளில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இப்போது கணக்கைத் திருத்த முயல்கிறார்கள். 2022ல் தமிழக அரசு வரையாட்டுக்கென்று 25.14 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. புல்வெளியை மீட்பதும் அதில் ஒரு வேலை. 2024ன் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு மாநிலத்தின் விலங்கு என்ற சிறப்புப் பெற்றதற்கு இந்த எண்ணிக்கை கொஞ்சம்தான்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னேன். வரையாட்டை ஆடு என்கிறோம். ஆனால் அது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005ல் மரபணு ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. விரல்களைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"தடவிப் பார்த்திருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.