புதுச்சேரிப் பாதிரியாரும் பக்கத்து நட்சத்திரமும்

பாண்டிக்கு வர்றவங்க பீச் ரோட்டுல துய்ப்ளே சிலை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. துய்ப்ளே கவர்னர், சண்டை போட்டவர், சிலை வச்சாச்சு. இதே ஊர்ல இருந்து வானத்துல புதுசா ஒன்னைக் கண்டுபிடிச்ச ஒரு பாதிரியாரும் உண்டு. அவருக்கு ஒரு கல்வெட்டைக்கூட நான் எங்கேயும் பார்த்ததில்லை. பேர் ழான் ரிஷோ, சேசு சபைக்காரர்.

கணக்கும் வானியலும் படித்த பாதிரியார்களைப் பிரெஞ்சு ராஜா 14-ம் லூயி சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, அனுப்பினார். 1688-ல் அங்கே நாராய் ராஜா இறந்து ஆட்சி மாறியது, பிரெஞ்சுக்காரர்களை விரட்டிவிட்டார்கள். அப்படி இங்கே ஒதுங்கியவர்தான் ரிஷோ. பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் வந்து காலூன்றி 15 வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போ பாண்டி சின்ன ஊர்.

1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. விடியலுக்கு முன்னால், தென்கிழக்கில். ரிஷோ 12 அடி நீளத் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார். வால்நட்சத்திரத்தைப் பார்க்கப் போனவர் கண்ணில் வேறொன்று பட்டது. ஆல்பா செண்டாரி என்ற பிரகாசமான நட்சத்திரம் ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு! இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கியால் நடந்த முதல் கண்டுபிடிப்பு என்று வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். மாட்டைத் தேடிப் போய்ப் புதையல் எடுத்த மாதிரிதான்.

ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்குப் பக்கத்துல நிக்கிற பீட்டா செண்டாரி. வெறுங்கண்ணுக்கு ரெண்டும் ஜோடி மாதிரி தெரியும். நிஜத்துல உறவே கிடையாது. ஆல்பா 4.4 ஒளியாண்டு தூரம், நமக்கு அடுத்த வீடு. பீட்டா ஏறத்தாழ 390 ஒளியாண்டு. அவ்வளவு தள்ளி இருந்தும் ஆல்பாவோடு போட்டி போட்டு மின்னுதுன்னா, அது எவ்வளவு பெரிய நெருப்பு! சூரியனைப் போலப் பல்லாயிரம் மடங்கு வெளிச்சம். கொல்லுப்பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. அதையும் தாண்டிய சூட்டில் நீலம் கலந்த வெள்ளை. பீட்டாவின் நிறம் அதுதான். நம்ம சூரியன் மேல்பரப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சூடு.

இதுல வேடிக்கை, பீட்டாவும் ஒற்றை ஆள் இல்லை. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு ராட்சசர்கள் 357 நாளுக்கு ஒரு தரம் ஒருவரையொருவர் சுற்றுகிறார்கள், கிட்டத்தட்ட நம்ம ஒரு வருஷம். சிறிய மூன்றாவது ஒன்றும் கூட உண்டு. இதெல்லாம் 20-ம் நூற்றாண்டு வந்த பிறகுதான் தெரிந்தது. ரிஷோவின் குழலை ஒரு விரக்கடை தள்ளி வைத்திருந்தாலும் பிரிந்து தெரிந்திருக்காது. தூரம் அப்படி.

இன்னிக்கு ராத்திரி பீட்டாவில் இருந்து நம்ம கண்ணுக்கு வர்ற வெளிச்சம், மர்த்தேன் பாண்டியில் கால் வைக்கறதுக்கு முன்னாடியே கிளம்பினது. அவ்வளவு காலம் வந்த வெளிச்சத்தை பீச் ரோட்டு விளக்கு கடைசி நொடியில் அடித்துவிடுகிறது. எங்க பாகூர்ப் பக்கமும் வயலெல்லாம் மனைக்கட்டாக மாறி, ஆள் குடியேறும் முன்னாடியே விளக்குக் கம்பம் வந்துடுது. விளைச்சல் போனதைப் பற்றிப் பேச ஆள் இருக்கு. இருட்டு போனதுக்கு யார் மனு கொடுப்பா?

மிச்சம் இருக்கும்போதே பார்த்துடுங்க. வைகாசி தொடக்கத்தில், ராத்திரி பத்தரை மணிக்கு, நிலா இல்லாத நாளில் ஏரிக்கரையில் தெற்கே பார்த்து நில்லுங்க. கையை நேராக நீட்டிச் சாண் விரித்து, சுண்டுவிரலை அடிவானத்தில் வைங்க. கட்டைவிரல் நுனிக்குக் கொஞ்சம் கீழே ரெண்டு நட்சத்திரம். இடது பக்கம் மஞ்சளாக இருப்பது ரிஷோ பிரித்துப் பார்த்தது. வலது பக்கம் நீலம் பூத்த வெள்ளையாக நிற்பதுதான் பீட்டா.